சமக்குறியின் இரு பக்கமும்

மாத்தளை மாவட்டத்தில் பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையைத் தனியார் பரீட்சார்த்தியாக எழுத நினைப்பவரைத் தயங்கவைக்கும் பாடம் கணிதம். உயர்தரம் படிக்க முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும் என்பது பொது விதி. எனவே கணிதத்தை ஒதுக்கிவிட்டுப் போக வழியில்லை. அதிலும் அட்சரகணிதம் வந்து, நாலைந்து படிகளில் தீர்க்கவேண்டிய சமன்பாட்டைக் கண்டதும் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எல்கடுவை, றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்றதே 1970களில்தான். தாயும் பாட்டியும் இழந்த பள்ளி ஆண்டுகளின் விளைவு இன்றும் வீட்டில் இருக்கிறது. அதைத் தன் மூளையின் குறையாக ஒருவர் எடுத்துக்கொள்வது அநியாயம். சமன்பாட்டுக்கு வேண்டிய தர்க்கம் வயது வந்தவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வரிவரியாக எழுதிப் பழகவில்லை, அவ்வளவுதான்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. விற்பனையின்போது அவர்கள் வாய்க்கணக்காகச் சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 மட்டுமே. ஐந்தே சிறுவர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் தம்புள்ளை மொத்தச் சந்தையில் விடியற்காலையில் நடக்கும் பேரத்தைக் கேட்டவர் எவரும் அதை நம்ப மறுக்கமாட்டார். தோட்டத்துச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதத்தில் 20 பேர், அதாவது 20 நாள் வேலைப் பதிவு, விழுந்திருக்கிறது. ஒரு பேருக்கு 1,350 ரூபா, மேலதிகக் கொழுந்துக்குக் கிலோவுக்கு 50 ரூபா, கழிவுகள் 4,000, கையில் வந்தது 26,000 என்று வைத்துக்கொள்வோம். மேலதிகமாக எத்தனை கிலோ போட்டிருக்கிறார்கள்? கழிவைத் திரும்பக் கூட்டினால் 30,000. பேருக்குரிய 27,000 போக மீதி 3,000. ஆக 60 கிலோ. கிலோ எண்ணிக்கையை க என்று வைத்தால் வரும் 27,000 + 50க − 4,000 = 26,000 என்ற சமன்பாட்டை, அதைக் கண்ணால் பார்க்காமலே, அவர் தீர்த்துவிட்டார்.

இப்படிப் பின்னோக்கிப் போகும் முறை ஓரிடத்தில் நின்றுவிடும். மரக்கறி ஏற்ற ஒரு லொறிக்காரர் 6,000 ரூபாவும் கிலோவுக்கு 4 ரூபாவும் கேட்கிறார்; இன்னொருவர் 2,000 ரூபாவும் கிலோவுக்கு 8 ரூபாவும். எத்தனை கிலோவில் இருவர் கூலியும் ஒன்றாகும்? 6,000 + 4க = 2,000 + 8க. தெரியாத எண் இரண்டு பக்கமும் இருப்பதால், பின்னோக்கி நடக்கத் தொடங்குவதற்கு ஒரு முடிவுத்தொகையே இல்லை. இங்கேதான் சமக்குறியைச் சரியாகப் படிக்கவேண்டும். பள்ளியில் பலரும் அதை ‘இதோ விடை’ என்ற அறிவிப்பாகவே பழகிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 8 + 4 = □ + 5 என்ற கணக்குக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 12 என்றோ 17 என்றோதான் எழுதினார்கள்; 7 என்று எழுதியவர் இல்லை. உண்மையில் அந்தக் குறி இரு தட்டுத் தராசின் முள் போன்றது: இரு பக்கமும் ஒரே அளவு என்று மட்டும் சொல்கிறது. இரு பக்கத்திலிருந்தும் 4கவையும் 2,000ஐயும் கழித்தால் 4,000 = 4க; ஆகவே 1,000 கிலோ.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற சூத்திரத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா, பரீட்சைக்கு நேரம் மிச்சமாகுமே என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. காரணம் அறியாமல் அதைப் பிடித்துக்கொண்டவர், 3க = 12 வந்ததும் மூன்றையும் அந்தப் பக்கம் அனுப்பி க = 12 − 3 என்று எழுதுவார். அங்கே பெருக்கல் இருப்பது அவர் கண்ணில் படாது. இரு பக்கத்துக்கும் ஒரே செயலைச் செய்து, செயலுக்கு ஒரு வரி என எழுதுபவருக்கு இந்தத் தவறு நேராது. பரீட்சையிலும் படிகளுக்குப் புள்ளி உண்டு. மறை எண்களும் அவ்வளவு அந்நியமானவை அல்ல. 628இல் பிரம்மகுப்தர் அவற்றைக் கடனாகவும் நேர் எண்களைச் சொத்தாகவும் வைத்தே விதிகளை வகுத்தார். முற்பணம் தள்ளுபடியானால், அதாவது ஒரு கடன் கழிந்தால், கைக்கு வருவது கூடும் என்பதைத் தோட்டத்தில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சம்பளத்தை வாய்க்கணக்காலேயே பார்க்க முடிகிறதே, பின் எழுத்துக் கணக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வாய்க்கணக்கு சொன்னவரோடு முடிந்துபோகிறது; தாளில் உள்ள கணக்கைக் காட்டிக் கேள்வி கேட்கலாம், பிழை எந்த வரியில் என்று விரல் வைத்துச் சொல்லலாம். நாள் முழுவதும் வேலை, இரவில் சொல்லித்தர ஆளில்லை என்பது இதைவிடக் கனமான தடை. அப்படிப்பட்டவர் கடந்தகால வினாத்தாள்களில் தொடங்கவேண்டாம். 7ஆம், 8ஆம் தரக் கணிதப் பாடநூல்களில் தொடங்கட்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அவை தமிழில் இலவசமாகவே கிடைக்கின்றன. விடை சரியா என்று பார்க்கவும் ஆசிரியருக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. 3(க − 4) + 5 = 2க + 7 என்பதில் அடைப்பை நீக்கினால் 3க − 7 = 2க + 7; இரு பக்கத்திலும் 2கவைக் கழித்து 7ஐக் கூட்டினால் க = 14. அந்த 14ஐ முதல் வரியிலேயே திரும்ப இட்டுப் பார்க்கவேண்டும்: இடப்பக்கம் 35, வலப்பக்கமும் 35.