ஹனிமூன் பட்ஜெட்: மொய்ப் பணத்தை நம்பி ரூம் போடலாமா? திருநகர் டூ கொடைக்கானல்... முழு கணக்கு இதோ!

கல்யாணத் தேதி குறிச்சாச்சு. மண்டபம், சமையல், பத்திரிகை, பட்டு, போட்டோ என எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நோட்டு போட்டு கணக்கு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நோட்டில் பெரும்பாலும் இடம் பிடிக்காத ஒரு செலவு உண்டு. அதுதான் ஹனிமூன்.

"அதுக்கென்ன, மொய் வரும்ல... அதுல பார்த்துக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் வரும் பதில். மாப்பிள்ளையும் பொண்ணும் அதை நம்பி ரூம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. மொய்யை நம்பாமல், கடனும் வாங்காமல், ஹனிமூனுக்கு எப்படிப் பணம் சேர்ப்பது? மதுரை திருநகரில் இருந்து கிளம்பும் ஒரு ஜோடியை வைத்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மொய் யாருடைய பணம்?

மதுரை வட்டாரத்தில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு இல்லை. மண்டப வாசலில் மேஜை போட்டு, பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதுவார்கள். உசிலம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதே கொடுக்கும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன்பே கியூஆர் கோடை அச்சடித்தது செய்தியானது.

நோட்டோ, கியூஆர் கோடோ, விதி ஒன்றுதான். இன்று 1,000 ரூபாய் வைத்தவர் வீட்டில் நாளை காதுகுத்து வந்தால், நீங்கள் அதையும் வைக்க வேண்டும், மேலே கொஞ்சமும் சேர்த்து வைக்க வேண்டும். அதாவது மொய் என்பது தவணைத் தேதி தெரியாத கைமாற்று.

கல்யாணத்துக்காக மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. வரி இல்லையே தவிர, திருப்பிச் செய்யும் கடமை இருக்கிறது.

இன்னொரு விஷயம். பல வீடுகளில் மொய் நோட்டு அப்பா, அம்மா கையில்தான் இருக்கும். மண்டப பாக்கி, சமையல்காரர் பாக்கி, பூ டெக்கரேஷன் பாக்கி என மறுநாள் காலையிலேயே அந்தப் பணம் பிரிந்துவிடும். அந்த நேரத்தில் போய் "டூருக்கு 30,000 வேணும்" என்று புது மாப்பிள்ளை கேட்டால், வீட்டில் என்ன பேச்சு வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

திருநகர் டூ கொடைக்கானல்: மாதிரி பட்ஜெட்

திருநகரில் இருந்து கொடைக்கானல் வத்தலக்குண்டு வழியாக சுமார் 120 கிலோமீட்டர். 3 இரவு, 4 பகல், வார நாட்களில் போவதாக வைத்துக்கொள்வோம். கீழே இருப்பது மாதிரிக் கணக்குதான். நீங்கள் விசாரித்த தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

• ரூம்: ஒரு இரவுக்கு 3,500 வீதம் 10,500. ஜிஎஸ்டி 5% சேர்த்து 11,025 ரூபாய்
• ஆரப்பாளையத்தில் இருந்து பஸ்ஸில் போக வர: 1,000 ரூபாய்
• ஊர் சுற்ற ஒரு நாள் டாக்ஸி: 2,500 ரூபாய்
• சாப்பாடு, டீ, நொறுக்குத்தீனி: நாளுக்கு 1,200 வீதம் 4,800 ரூபாய்
• நுழைவுக் கட்டணம், படகு: 1,500 ரூபாய்
• ஸ்வெட்டர், ஷூ: 2,000 ரூபாய்
• சொந்தக்காரர்களுக்கு சாக்லேட், தைலம்: 2,000 ரூபாய்

மொத்தம் 24,825 ரூபாய். இதற்கு மேல் 15% அவசரத்துக்கு என்று வையுங்கள். உடம்புக்கு முடியாமல் போகலாம், மழையில் பஸ்ஸை விட்டுவிட்டு கார் பிடிக்க வேண்டியிருக்கலாம். அதையும் சேர்த்தால் சுமார் 28,500. முழுசாக 30,000 ரூபாய் என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசி இரண்டு வரிகளைத்தான் பலரும் மறப்பார்கள். ஊருக்குத் திரும்பினால் மறுவீடு, விருந்து என்று அத்தை வீடு, சித்தி வீடு ஏறி இறங்க வேண்டும். கொடைக்கானல் போய் வந்தவர்கள் வெறும் கையோடு போக முடியுமா?

மாசம் எவ்வளவு சேர்க்கணும்?

கல்யாணத்துக்கு 8 மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30,000-ஐ எட்டால் வகுத்தால் மாதம் 3,750 ரூபாய். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஆளுக்கு 1,875 ரூபாய்தான்.

கல்யாணத்துக்கு முன் கூட்டுக் கணக்கு எல்லாம் வேண்டாம். அவரவர் பெயரில், அவரவர் வங்கியில் ஆர்டி போட்டுக்கொள்ளலாம். பல வங்கிகளில் 6 மாதத்தில் இருந்தே ஆர்டி போட முடியும். 6.5% வட்டி என்று வைத்துக்கொண்டால், 8 மாதத்தில் இருவருக்கும் சேர்த்து சுமார் 700 ரூபாய்தான் வட்டி வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் ஆர்டியின் பலன் வட்டியில் இல்லை. சம்பளம் வந்த அன்றே பணம் தனியாக ஒதுங்கிவிடுகிறது, கைக்கு எட்டாமல் இருக்கிறது. அதுதான் லாபம்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்டி நல்ல திட்டம்தான், ஆனால் இதற்குப் பொருந்தாது. அது 5 வருடத் திட்டம். நடுவில் முடிக்க வேண்டும் என்றாலும் 3 வருடம் ஆகியிருக்க வேண்டும்.

ஷேர் மார்க்கெட், ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் 8 மாதத் தேவைக்கு ஒத்துவராது. மார்க்கெட் இறங்கியிருக்கும் நேரத்தில் முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது. அதேபோல் பதிவு செய்யாத சீட்டிலும் இந்தப் பணத்தைப் போட வேண்டாம்.

முகூர்த்த மாசம்தான் விலையைத் தீர்மானிக்கும்

எங்கே போகிறோம் என்பதைவிட, எப்போது போகிறோம் என்பதுதான் செலவைக் கூட்டும், குறைக்கும்.

வைகாசி: மே மத்தி முதல் ஜூன் மத்தி வரை. கொடைக்கானலில் கோடை சீசன், பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி எல்லாம் மே மாதத்தில்தான். ரூம் வாடகை உச்சத்தில் இருக்கும். "சரி, மூணாறு போவோம்" என்றால், ஜூன் தொடக்கத்தில் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்துவிடும்.

ஆனி: ஆடி பிறந்தால் பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ஜூலை மத்திக்குள் போய் வர வேண்டும். தேதி கைவசம் குறைவு என்பதால் முன்னாடியே புக் செய்வது நல்லது.

ஆவணி, தை: பள்ளி நடக்கும் மாதங்கள். பொங்கல், குடியரசு தினம் ஆகிய விடுமுறைகளைத் தவிர்த்து, திங்கள் முதல் வியாழன் வரை பார்த்தால் பேரம் பேசலாம். தையில் ராத்திரி குளிர் அதிகம், ஸ்வெட்டர் கண்டிப்பாக வேண்டும்.

ஐப்பசி: வடகிழக்குப் பருவமழை நேரம். மலைப்பாதையில் மண் சரிவு வரலாம். கேன்சல் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ரூமாகப் பார்த்துப் போடுங்கள்.

இ-பாஸை மறக்காதீங்க

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானல், ஊட்டிக்கு வாகனத்தில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனது. இதற்குக் கட்டணம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. சீசன் நேரத்தில் பஸ்ஸில் போனால் காசும் மிச்சம், இந்த டென்ஷனும் இல்லை.

7,500 ரூபாய் கோடு: தெரியாமல் தாண்டாதீங்க

"வாழ்க்கையில ஒரு தடவைதானே" என்று பெரிய ரூம் பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18%.

7,500 ரூபாய் ரூமுக்கு வரியோடு 7,875 ரூபாய் கட்டுவீர்கள். வெறும் 100 ரூபாய் கூடுதலாக 7,600 ரூபாய் ரூம் எடுத்தால் வரியோடு 8,968 ரூபாய். ஒரு இரவுக்கே 1,093 ரூபாய் வித்தியாசம். மூன்று இரவுக்கு 3,279 ரூபாய். ஆப்பில் முதலில் காட்டும் விலையை மட்டும் பார்க்காமல், கடைசியில் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள்.

கடன் வாங்கிப் போனால் என்ன ஆகும்?

"இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க" என்ற விளம்பரங்கள் போனில் வந்துகொண்டே இருக்கும். 50,000 ரூபாய் பெர்சனல் லோன், 14% வட்டி, 12 மாதம் என்று ஒரு கணக்குப் போடுவோம். மாத இஎம்ஐ சுமார் 4,490 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 3,870 ரூபாய். 2% பிராசஸிங் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று இன்னும் 1,180 ரூபாய். மொத்தம் 5,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. மேலே சொன்ன பட்ஜெட்டில் நாலு நாள் சாப்பாட்டுச் செலவே அவ்வளவுதான்.

கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் இன்னும் மோசம். மாதம் 3% முதல் 3.75% வரை வட்டி போடும் கார்டுகள் இருக்கின்றன. 3.5% என்றால் வருடத்துக்கு 42%.

நகையை அடகு வைத்துப் போகும் யோசனையும் சிலருக்கு வரும். பொண்ணு வீட்டில் போட்ட நகை முதல் மாதமே அடகுக் கடைக்குப் போனால், அது வட்டிக் கணக்கோடு முடியாது. ரெண்டு குடும்பத்துக்கும் நடுவில் பேச்சாகிவிடும்.

தூரமாகப் போக ஆசையா?

1961-ல் வெளியான ஸ்ரீதரின் 'தேன் நிலவு' படம் காஷ்மீரில் எடுக்கப்பட்டது. ஹனிமூன் என்றால் பனிமலை என்ற ஆசை நம்ம ஊரில் புதுசு இல்லை. அப்படித் தூரம் போக வேண்டும் என்றால் மூன்று விஷயம் முக்கியம்.

• ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கல்யாணத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.
• டிக்கெட்டில் பொண்ணின் பெயர், ஆதார் அல்லது பாஸ்போர்ட்டில் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். மாப்பிள்ளை பெயரைச் சேர்த்துப் போட்டால் விமான நிலையத்தில் சிக்கல்.
• மதுரையில் இருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் என்ற வரியைச் சேர்த்து வாங்குவார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம். ஆனால் புக் செய்யும் அன்று கையில் இருந்துதான் கட்ட வேண்டும். விகிதம் அடிக்கடி மாறுகிறது. அதனால் வரியோடு மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

30,000 ரூபாய்க்கு மேல் முடியாது என்றால் காஷ்மீரை முதல் வருட கல்யாண நாளுக்குத் தள்ளி வைக்கலாம். அதே ஆர்டியை நிறுத்தாமல் தொடர்ந்தால் போதும்.

முதலில் பேசிடுங்க

இந்தக் கணக்கில் கஷ்டமான பகுதி 3,750 ரூபாய் சேர்ப்பது இல்லை. "என்னால இவ்வளவுதான் முடியும்" என்று கல்யாணத்துக்கு முன்பே ஒருவருக்கொருவர் சொல்வதுதான். மொய் வரும், லோன் கிடைக்கும் என்று சமாளித்துப் போய் வந்தவர்கள், இரண்டாவது மாதம் இஎம்ஐ மெசேஜ் வரும்போது அதே பேச்சைச் சண்டையாகப் பேச வேண்டி வரும்.

நிச்சயம் முடிந்த கையோடு மூன்று கேள்விக்கு இருவரும் சேர்ந்து பதில் எழுதுங்கள். மொத்தம் எவ்வளவு? மாதம் யார் எவ்வளவு? எந்தத் தேதி? பதில் கிடைத்தால் அந்த மாதமே ஆர்டியைத் தொடங்கிவிடலாம். மொய் நோட்டை அப்படியே பத்திரமாக வையுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கே அது தேவைப்படும்.