டீயோடு சேர்த்து இதையும் குடிக்கிறீர்களா?

ஆபீஸில் பதினொரு மணி டீ வந்துவிட்டது. பேப்பர் கப். 'நல்லவேளை, பிளாஸ்டிக் இல்லே' என்று நிம்மதியாக வாங்கி மேஜையில் வைக்கிறீர்கள். கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுக் குடிக்கலாமே என்று கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுகிறீர்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது!

வெறும் காகிதம் கொதிக்கும் டீயைத் தாங்குமா? ஊறி நைந்துவிடாதா? அதற்காகத்தான் கப்பின் உட்புறம் மெல்லிசாக பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய கப்பில் 100 மி.லி. சுடுநீரை (85 முதல் 90 டிகிரி செல்சியஸ்) ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் தண்ணீரில் இறங்கியிருந்தன. 2020-ல் வெளியான முடிவு இது. (தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் இந்தக் கப்பும் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியுமோ?)

5 மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். பல துகள்கள் கண்ணுக்கே தெரியாது. 'உள்ளே போனா வெளியே வந்துடப் போவுது, இதுக்குப் போயி...' என்கிறீர்களா? எல்லாமே வந்துவிடுவதில்லை. 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2024-ல் வெளியான இத்தாலிய ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை ஆபரேஷன் செய்து எடுத்த 257 பேரில் 150 பேரின் கொழுப்புப் படிவில் பிளாஸ்டிக் துகள்கள்! அடுத்த மூன்று வருடங்களுக்குள் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றுக்கான வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. அதனால் பீதியடைய வேண்டாம். அதற்காக அலட்சியமும் கூடாது.

சூடும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஓட்டலில் கொதிக்கிற சாம்பாரைப் பையில் கட்டித் தருகிறார்களா? தூக்குச்சட்டி கொண்டுபோங்கள், வெட்கமே வேண்டாம். ஆபீஸ் டிராயரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடக்கட்டும். கைக்குழந்தை இருக்கிறதா? பவுடர் பாலைச் சுடுநீர் விட்டு பிளாஸ்டிக் பாட்டிலிலேயே குலுக்காதீர்கள். சுத்தமான எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்கி, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள்.

குடிதண்ணீர்? உங்கள் வீட்டில் உப்புத் தண்ணீரா, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? இத்தனை நாள் அலுத்துக்கொண்டீர்களே, அந்தச் சுண்ணாம்புப் படிவு இதில் உங்களுக்கு நண்பன்! இப்படிப்பட்ட தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் பிளாஸ்டிக் துகள்கள் அந்தப் படிவில் சிக்கிக்கொள்ளும். 90 சதவிகிதம்வரை குறையலாம் என்று சீனாவில் 2024-ல் கண்டிருக்கிறார்கள். ஆறவைத்து, வடிகட்டிக் குடியுங்கள்.