பிள்ளை வளர்ப்பானும் ஆய்வுகூடமும்

ஊரிலிருந்து வரும் பார்சலைப் பிரித்தால், மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் ஒரு துண்டு வசம்பும் இருக்கும். பிள்ளை வயிற்றுவலியில் அழுதால் அம்மம்மா அதை விளக்கில் சுட்டு, உரைத்து, நாக்கில் தடவிவிடுவார். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே அதற்கு ஒரு பெயர். ஆனால் அமெரிக்காவில் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்ப்பதற்கு 1968இலேயே தடை விதித்துவிட்டார்கள்.

காரணம் எண்ணெயில் இருக்கிறது. எங்கள் பக்கத்து வசம்பெண்ணெயில் பீற்றா-அசரோன் என்ற பொருள் மிக அதிகம். 1960களில் ஜம்மு வசம்பெண்ணெயை உணவோடு கொடுத்த எலிகளுக்குச் சிறுகுடலில் கட்டிகள் உண்டாயின.

பரம்பரையலகை ஒரு பொருள் தாக்குமா என்று விரைவாகப் பார்க்க, 1970களில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஏம்ஸ் ஒரு வழி கண்டார். ஹிஸ்ரிடீன் என்ற சத்தைத் தானே செய்ய முடியாத, பழுதுபட்ட சல்மொனெல்லா பற்றீரியா ஒன்றை எடுத்தார். அந்தச் சத்து இல்லாத தட்டில் அது பெருகாது. அதனோடு எண்ணெயையும் எலி ஈரலின் சாற்றையும் சேர்த்து (உள்ளே போவதை எங்கள் ஈரலும் மாற்றிவிடுகிறதல்லவா!) 37 பாகையில் இரண்டு நாள் வைப்பார்கள். எண்ணெய் பரம்பரையலகைக் குழப்பினால், சில பற்றீரியாக்களில் பழைய பழுது தற்செயலாகத் திருந்தி, தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். புள்ளிகள் வழமையைவிடப் பெருகினால் சந்தேகம்தான். ஈரல் சாறு சேர்த்த தட்டில் பீற்றா-அசரோன் இப்படி அகப்பட்டது.

தப்பும் கள்ளரும் உண்டு. சாசபிராஸ் மர எண்ணெயிலுள்ள சாஃப்ரோல் இந்தத் தட்டில் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. எலிகளுக்கோ ஈரல் புற்றுநோயைக் கொடுத்தது. அதனால் ஒரு தட்டோடு நிறுத்தாமல் விலங்குக் கலங்களிலும் சோதிக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். வட அமெரிக்காவின் ஒருவகை வசம்பில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதி. அதில் பீற்றா-அசரோன் இல்லை. ஐரோப்பிய வகையில் மூன்று தொகுதி, கொஞ்சம் உண்டு. நான்கு தொகுதியுள்ள ஆசிய வகையில்தான் நிறைய. காய்ந்த துண்டைப் பார்த்து இது எந்த வகை என்று எங்களால் சொல்ல முடியாது.

எனக்கும் சிறுவயதில் தடவியதுதான். முன்பு கொடுத்துவிட்டோமே என்று பதறவேண்டாம். இனிமேல் கைக்குழந்தையின் வாயில் வைக்காதீர்கள், போத்தல் எண்ணெயை ஒருபோதும் வேண்டாம். கொடுத்த பிள்ளை விடாமல் வாந்தி எடுத்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வசம்பு என்றால் அங்கே விளங்காது. ‘கலமஸ்’ என்று சொல்லுங்கள், மிச்சத் துண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.