போலிஷ் கோழி: கொண்டையும் மண்டையும்

சேவலின் தலையில் சிவந்து நிற்கும் சதைக் கொண்டைக்கு மாறாக, நீண்ட இறகுகளாலான அடர்ந்த கொண்டையைத் தலையில் தாங்கும் போலிஷ் கோழி, ஐரோப்பாவின் பழைய அழகுக் கோழியினங்களுள் ஒன்றாகும். பெயர் போலந்தைச் சுட்டினும், இவ்வினத்தை இன்றைய வடிவில் வளர்த்தெடுத்ததில் நெதர்லாந்துக்குப் பெரும் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியரான மெல்கியோர் த ஹோண்டகூட்டரின் பறவை ஓவியங்களில் கொண்டைக் கோழிகள் இடம்பெற்றுள்ளன.

இறகுகளைவிட வியப்புக்குரியது அவற்றின் அடியிலுள்ள எலும்பாகும். மண்டையோட்டின் முன்பகுதி ஒரு குமிழ் போல மேலெழுந்திருக்க, மூளையின் ஒரு பகுதி அதனுள் புடைத்து நிற்கும். அக்குமிழின் எலும்பு சில பறவைகளில் முழுமையாக மூடாமல் துளைகளுடன் இருப்பதால், தலையில் விழும் சிறு கொத்தும் ஆபத்தாக முடியலாம். சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பு விலங்குகளின் வேறுபாடுகள் குறித்த நூலில் இத்தகைய மண்டையோடுகளை விரிவாக ஆராய்ந்தார். பொரித்த குஞ்சிலேயே இக்குமிழ் புலப்படுவதால், கொண்டை எவ்வளவு பெரிதாகும் என்பதை அனுபவமுள்ள வளர்ப்பாளர் அப்போதே ஓரளவு கணித்துவிடுவார். உடலின் எப்பகுதி எவ்வாறு உருவாக வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் ஹாக்ஸ் மரபணுக்களுள் ஒன்று, வழக்கத்துக்கு மாறாகத் தலைத்தோலில் செயற்படுவதைக் கொண்டைக் கோழிகளிடம் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

பெட்டையின் கொண்டை உருண்டு திரண்டிருக்கும். சேவலுக்கோ, அதன் கழுத்திறகுகளைப் போலவே கொண்டையிறகுகளும் குறுகி நீண்டு கூர்முனையுடன் நாற்புறமும் சரிந்து விழும். சதைக் கொண்டை இரு சிறு கொம்புகளாக ஒடுங்கிப்போக, மூக்குத் துளைகள் அகன்று உயர்ந்திருக்கும். கரிய உடலும் வெண்கொண்டையும் உடைய வகையே பலரும் அறிந்தது. தாடியிறகு உள்ளவையும், பொன்னிற அல்லது வெள்ளி நிற இறகுகளுக்குக் கருவிளிம்பு கொண்டவையும் உண்டு. வெண்ணிற முட்டையிடும் இப்பெட்டைகள் அடைக்கு அமர்வது அரிது என்பதால், குஞ்சு பொரிக்க வேறு கோழியையோ பொரிப்பானையோ நாட வேண்டும்.

கண்காட்சிப் பரிசுக்காகக் கொண்டையைப் பெருக்கிக்கொண்டே போனதன் விலையைப் பறவையின் கண்களே கொடுக்கின்றன எனலாம். மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் பார்வை மறைவதால் இது எளிதில் மிரளும், பருந்தின் வரவையும் காணாது. ஆகவே வளர்ப்பாளர்கள் குரல் கொடுத்தபடியே இதை நெருங்குவதும், கண்ணை மறைக்கும் இறகுகளைக் கத்தரிப்பதும், கொண்டை நனையாதிருக்கக் குறுகிய வாயுள்ள தண்ணீர்க் கலங்களை வைப்பதும் வழக்கம்.