பிரீமேசன் சங்கத்தில் வணிகர் சேரலாமா?

வியாபாரம் காலூன்றி, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த முகமாகிவிட்ட வணிகருக்குச் சங்கங்களிலிருந்து அழைப்பு வருவது இயல்பு. ரோட்டரி, லயன்ஸ் போன்றவை பகிரங்கமாகச் செயல்படுபவை. அவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 'பிரீமேசன்' என்றால் மட்டும் நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "அது ரகசியச் சங்கமாயிற்றே" என்பார் ஒருவர். "பெரிய அதிகாரிகள், பெரிய முதலாளிகள் பழக்கம் கிடைக்கும், வியாபாரம் விருத்தியாகும்" என்பார் இன்னொருவர். முதல் பேச்சில் பாதி உண்மை உண்டு. இரண்டாவதை நம்பிச் சேருகிறவர் ஏமாந்து போவார். காரணத்தைப் பார்ப்போம்.

இது ஆண்களுக்கான சகோதரத்துவ அமைப்பு. 'மேசன்' என்றால் கொத்தனார், கல் வேலை செய்பவர். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கல்தச்சர்கள் தமக்குள் வைத்திருந்த வழக்கங்களை, பிற்காலத்தில் உளி பிடித்தறியாத பிரபுக்களும் வணிகர்களும் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் நான்கு கிளைகள் ஒரு மதுக்கடையில் கூடி 1717-ஆம் ஆண்டு தலைமைச் சங்கம் அமைத்தன என்பது அவர்களே சொல்லும் வரலாறு. கிளைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். நம் ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும்; அந்தக் குழப்பத்திலேயே பாதி வதந்தி பிறக்கிறது!

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு இச்சங்கம் கப்பலேறி வந்தது. கல்கத்தாவில் 1730-லும் சென்னையில் 1752-லும் லாட்ஜ்கள் தோன்றின. ஆர்க்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா 1770-களிலேயே திருச்சியில் உறுப்பினரானார். இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சங்கம் 1961-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி புதுடில்லியில் நிறுவப்பட்டது. ராம்பூர் நவாப் அதன் முதல் தலைவர். சென்னை எழும்பூரில் இவர்களுடைய பழைய மண்டபம் இன்றும் இருக்கிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது? மூன்று படிகளாக ஒருவரைச் சேர்க்கிறார்கள்: பயிற்சியாளர், சக தொழிலாளி, மேஸ்திரி. ஒவ்வொரு படியிலும் கொத்தனாரின் கருவிகளைக் காட்டி நல்லொழுக்கம் போதிக்கிறார்கள். மூலைமட்டம் என்றால் நேர்மையான நடத்தை. மட்டப்பலகை என்றால் மனிதர் அனைவரும் சமம். தூக்குக்குண்டு என்றால் நிமிர்ந்த வாழ்வு. 24 அங்குல அளவுகோல் ஒன்றும் உண்டு. அது நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பது. ஒரு பங்கு கடவுளுக்கு, ஒரு பங்கு உழைப்புக்கு, ஒரு பங்கு பிறர் உதவிக்கு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்குக் கல்லாவை எண்ணுகிற நமக்கு இந்தக் கணக்கு சற்று இடிக்கத்தான் செய்யும். ஆனால் தராசையும் படியையும் பூஜையில் வைத்துக் கும்பிடுகிற வணிகனுக்குக் கருவியைக் கொண்டு அறம் சொல்வது புரியாத விஷயமல்ல.

எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. லாட்ஜுக்குள் அரசியலும் மத வாதமும் பேசக் கூடாது. கடவுள் நம்பிக்கை கட்டாயம் வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்-ஆன், பைபிள் எனப் பல மத நூல்களை வைப்பது வழக்கம். சேருபவர் தம் நூலின் மேல் உறுதிமொழி எடுப்பார்.

இந்த நிலை எளிதாக வந்ததல்ல. அதற்காகப் போராடியவர்களில் ஒருவர் நம்மைப் போன்ற வணிகர். கல்கத்தாவில் வியாபாரம் செய்த பி.சி. தத் என்ற வங்காளி 1863-இல் சேர விண்ணப்பித்தார். இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குபவர்கள், அவர்கள் உறுதிமொழி செல்லாது என்று அங்கிருந்த வெள்ளைக்காரத் தலைமை மறுத்தது. சுதேசிகளை முன் அனுமதியின்றிச் சேர்க்கலாகாது என்ற உள்விதியையும் காட்டினார்கள். தத் லண்டன் தலைமைக்கே முறையிட்டார். சகோதரத்துவம் என்று ஏட்டில் எழுதியவர்களிடம், "அந்த ஏட்டின்படி நடங்கள்" என்பதே அவர் வழக்கின் சாரம். ஒன்பது ஆண்டுகள் விடாமல் நின்று, 1872-இல் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் உறுப்பினரானார். அதே லாட்ஜில் 1884-இல் நரேந்திரநாத தத்தர் என்ற இளைஞர் சேர்ந்தார். அவரே பின்னாளில் விவேகானந்தர். வராத பாக்கிக்கு ஒன்பது ஆண்டு நடந்தவரை நாம் பார்த்திருக்கிறோம். சமமாக உட்கார ஒரு நாற்காலிக்காக ஒன்பது ஆண்டு நடந்தவர் இவர்.

இனி வியாபார விருத்திப் பேச்சுக்கு வருவோம். சேர விரும்புபவர், ஆதாயம் கருதி வரவில்லை என்று முதலிலேயே உறுதி கூற வேண்டும். உறுப்பினர் என்ற உறவைக் காட்டி ஆர்டர் பிடிப்பதும், கடன் கேட்பதும், அதிகாரியிடம் சலுகை தேடுவதும் அவர்கள் விதிக்கு விரோதம். இதில்தான் வணிகனுக்குக் கவர்ச்சியே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். விடிந்தது முதல் நம்மிடம் பேசுகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை வாங்கவோ விற்கவோ வருகிறார்கள். தரகர் நலம் விசாரித்தாலும், "என்ன சரக்கு தள்ளப் பார்க்கிறார்?" என்றே மனம் கணக்குப் போடுகிறது. நமது வணிகர் சங்கக் கூட்டத்திலும் ஜி.எஸ்.டி., லைசென்ஸ், கடை வாடகை என்றுதான் பேச்சு. அது அவசியம், தவறில்லை. விலை பேசாமல், பேரம் இல்லாமல், வேறு தொழில், வேறு மதத்தைச் சேர்ந்த நாலு பேரோடு மாதம் ஒரு மாலை உட்கார நமக்கு இடம் எங்கே இருக்கிறது? லாட்ஜ் அத்தகைய இடமாக இருக்க முயல்கிறது. அங்கே போய் மொத்த விலைப் பட்டியலை நீட்டினால், மற்றவர்களும் நம்மைத் தரகராகவே பார்ப்பார்கள், தேடிப்போனதே கெட்டுவிடும்.

ஆதாயக்காரர்கள் கையில் சிக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இத்தாலி சாட்சி. அங்கே 'பி-2' என்ற லாட்ஜ், 1976-இல் தலைமைச் சங்கத்தால் இடைநிறுத்தப்பட்ட பின்னும் மறைவாக இயங்கியது. 1981-இல் சோதனையில் அதன் பட்டியல் சிக்கியபோது அமைச்சர்கள், படைத் தளபதிகள், பாங்க் அதிபர்கள் என்று 962 பெயர்கள் இருந்தன. அரசாங்கமே கவிழ்ந்தது. பட்டியலில் இருந்த பாங்க் அதிபர் ராபர்ட்டோ கால்வி, 1982-இல் லண்டன் பாலத்தடியில் தூக்கில் தொங்கக் காணப்பட்டார்.

ரகசியம் என்பது பெரும்பாலும் ஒருவரையொருவர் அடையாளம் காணும் கைகுலுக்கல், சொற்கள், சடங்கு முறை இவைதான். தாம் உறுப்பினர் என்பதை ஒருவர் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் கத்தோலிக்க அன்பர்கள் கவனிக்க வேண்டும்: அவர்கள் திருச்சபை 1738 முதல் இச்சங்கத்தைத் தடை செய்திருக்கிறது, 1983-லும் 2023-லும் அதை மீண்டும் உறுதி செய்தது.

தர்ம காரியங்களும் உண்டு. கோவையில் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று மேசன் பெயரில் நடக்கிறது. இறந்துபோன உறுப்பினரின் மனைவி மக்களுக்கு உதவுவதும் பழைய வழக்கம். ஆனால் இது இன்ஷூரன்ஸ் அல்ல. கட்டிய பணத்துக்கு இத்தனை என்று உரிமை கோர முடியாது.

சேரும் முறை: உறுப்பினர் இருவர் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. வெள்ளைக் குண்டு சம்மதம், கறுப்புக் குண்டு மறுப்பு. விரல்விட்டு எண்ணும் கறுப்புக் குண்டுகளே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும்.

அழைப்பவரிடம் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுச் சந்தா எவ்வளவு, உடுப்புக்கும் கூட்டத்துக்குப் பின் நடக்கும் விருந்துக்கும் தனியே என்ன ஆகும் என்று விசாரியுங்கள். குடும்பத்துக்குக் குறை வைத்துத் தர்மம் செய்யாதே என்பது அவர்கள் போதனையிலேயே உள்ளது. கூட்டம் மாலையில் நடந்தால் அது நமக்குக் கல்லா நிரம்புகிற நேரம். அன்றைக்குக் கடையில் உட்காரத் தம்பியோ மகனோ உண்டா என்று பாருங்கள். வீட்டில் மனைவியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு இரவு தாமதமாக வந்து, எங்கே போனீர்கள் என்றால் "அது ரகசியம்" என்று சொல்லும் நிலை எந்தக் கணவருக்கும் வேண்டாம்.