கழுகின் ரத்தம் விடுக்கும் எச்சரிக்கை

புதுதில்லி: கால்நடைகளுக்கான ஒரு மருந்து பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்லுமா என்பதை, அவற்றின் சிறிதளவு ரத்தம் ஓரிரு நாள்களில் காட்டிவிடுகிறது. அதன்பேரில் மருந்தைத் தடை செய்யவோ ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

இந்தியாவில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகளில் 99.9 சதவீதம் 1992-க்கும் 2007-க்கும் இடையே அழிந்தன. கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணியே காரணம் என்பது, 2004-இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வில் தெரியவந்தது. மருந்து செலுத்திய சில நாள்களுக்குள் இறந்த மாட்டை உண்ணும் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கிறது.

மனிதரின் சிறுநீரகக் கோளாற்றை அறிய ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் அளவைப் பார்ப்பது வழக்கம். பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுவதால், அவற்றுக்கு அந்த அமிலமே அளவுகோல். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் அது பன்மடங்கு உயரும். இறந்த கழுகின் இதயம், கல்லீரல் மீது சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருப்பதும் அதுவே. எனினும், இரை உண்டபின் இயல்பாகவே இந்த அளவு கூடும் என்பதால், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தமே நம்பகமானது.

உத்தரப் பிரதேச மாநிலம் பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சோதனைகளை நடத்தி வருகிறது. மெலாக்சிகாம் கொடுக்கப்பட்ட கழுகுகளின் யூரிக் அமிலம் இயல்பான அளவிலேயே இருந்ததால், அது பாதுகாப்பான மாற்று மருந்து என 2006-இல் அறியப்பட்டது. அதே ஆண்டில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்புக்கு அரசு தடை விதித்தது.

அந்த வேகம் பின்னர் நீடிக்கவில்லை. கீட்டோபுரோஃபென் கழுகுகளைக் கொல்லும் என்ற ஆய்வு 2009 இறுதியில் வெளியானது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலில் டைக்ளோஃபினாக்காக மாறுவது 2016-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. இரண்டுக்கும் தடை வந்தது 2023 ஜூலையில்தான். நிமிசுலைடுக்கு 2024 இறுதியில் தடை விதிக்கப்பட்டது.

கழுகுகளைக் காப்பது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. மருந்தைத் தடை செய்யும் அதிகாரம், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டப்படி, சுகாதார அமைச்சகத்திடம் உள்ளது. நச்சு என்று தெரிந்த மருந்தைத் தாமாகவே விலக்கும் ஏற்பாடு தேவை என்று 2020-25-க்கான கழுகுகள் பாதுகாப்புச் செயல்திட்டம் கூறியது. புதிய மருந்து சந்தைக்கு வருமுன்பே ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்குவது அதனினும் நன்று. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இப்பறவைகளுக்கு, தாமதத்தால் நேரும் இழப்பை ஈடுசெய்வது எளிதன்று.