உஷார்! காவலூரில் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா?

பையில் எடுத்து வைத்த பணத்தை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். குளிர்ந்த காற்று, விளக்கு வெளிச்சம் படாத வானம், பக்கத்திலேயே வைணு பாப்பு வானாய்வகம் என்று புரோக்கர் சொல்வதெல்லாம் உண்மைதான். விற்பவருக்கு அந்த நிலத்தை விற்கும் உரிமை உண்டா என்பதைத்தான் அவர் சொல்ல மாட்டார்.

போன மாதம் என் மைத்துனர் வாணியம்பாடியிலிருந்து மலையேறிப் போய் இடம் பார்த்துவிட்டு வந்தார். "பட்டா இடம் மாமா, கவலையே இல்லை" என்று ஒரு நகலை நீட்டினார். அதில் கணவன், மனைவி இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன. தலைப்பில் வன உரிமைச் சட்டம், 2006. எனக்குப் பகீரென்றது. அந்தச் சட்டத்தின் 4(4) பிரிவுப்படி அந்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் விற்கவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ முடியாது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது உங்கள் நிலம் ஆகாது.

காவலூர் இருக்கும் ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாவும் இங்கே உண்டு. நிபந்தனையை மீறி விற்றால் அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவர் தெருவில் நிற்பார். அதனால் 'பட்டா இருக்கிறதா' என்று கேட்டு நிறுத்தாதீர்கள், 'என்ன பட்டா' என்று கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் ஒப்படை ஆணையையும் பாருங்கள். புல வரைபடத்தோடு சர்வேயரை அழைத்துப் போய்க் கல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். காப்புக்காட்டின் எல்லை ஓர் அடி உள்ளே வந்தாலும் வம்புதான்.

"ரிஜிஸ்டர் ஆகிவிட்டால் சரி" என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் பயம் தருகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலேயே, சொல்லிவிட்டது. முத்திரையும் கைரேகையும் பத்திரம் பதிவானதற்குத்தான் சாட்சி. பவர் பத்திரத்தை மட்டும் கையில் வாங்கி நிலம் வாங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கு 2011லேயே அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாயிற்று: அது கிரயமே ஆகாது.

வில்லங்கச் சான்றும் முழுக் காவல் இல்லை. பதிவானது மட்டும்தான் அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. பழங்குடிக் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. யாருக்குப் பங்கு என்பது அவர்கள் வழக்கத்தைப் பொறுத்தது. அதனால் மூலப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். உங்கள் வக்கீல் எழுத்தில் கருத்துத் தரும்வரை ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது.

மைத்துனர் பணம் தப்பியது. ஆனால் அந்தப் பட்டாவிலிருந்த கணவன், மனைவியின் முகம் எனக்குத் தெரியாது, அதுதான் உறுத்துகிறது. மலையில் இருப்பவர்களே, உங்களிடமும் சொல்கிறேன்: ஆயிரம் இரண்டாயிரத்தைக் கையில் திணித்து வெற்றுத்தாளில் கைரேகை கேட்டால் வைக்காதீர்கள். பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், வக்கீல் உதவி இலவசம். திருப்பத்தூர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள்.